வலது கரை

பந்து இடது பக்கம் ஓடுகிறது, வலது பக்கம் ஓடமாட்டேன் என்கிறது. அக்காள் போனில் சொன்னது இவ்வளவுதான். மேற்கொண்டு கேட்டதற்கு, "வந்து பாரேண்டா, போன்லயே ரிப்பேர் பண்ணிடுவியா?" என்று சீறினாள். தம்பி வெளியூரில் வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அக்காள் சீறினால் அடுத்து அழப்போகிறாள் என்று அர்த்தம். அது சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பழக்கம். கடையைப் பூட்டிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழையோடு மழையாக பஸ் ஏறினான்.

கீழே ஒரு செருப்புக்கடை, அதை ஒட்டி மூக்குக்கண்ணாடிக் கடை. இரண்டுக்கும் நடுவில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லாத ஒரு படிக்கட்டு. ஏறிப்போனால் மாடி முழுக்க விளையாட்டுப் பெட்டிகள். ஆள் உயரத்துக்கு நிற்கும், நெற்றியில் திரை, இடுப்பில் பொத்தான்கள். விடுமுறை நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து அவற்றை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். மற்ற நாட்களில் ஈ காக்கை கிடையாது. ஆனால் ஆள் இல்லையென்று பெட்டிகள் சும்மா இருந்துவிடுமா? விளக்கை அடித்து, பாட்டுப் போட்டு, வெறும் ஹாலைப் பார்த்து வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். புருஷன் விழுந்த பிறகு அக்காளுக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாக ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஊமையாக்கிவிட்டாள். இப்போது அவை வாயை மட்டும் அசைத்துக் கூப்பிடுகின்றன. இதற்கு அந்தக் கூச்சலே தேவலாம் என்று அவளுக்கே தோன்றும். ஆனாலும் மறுபடி கூட்டி வைக்க மனசு வரவில்லை.

ஹாலின் கோடியில் ஒரு திரைச்சீலை. அதற்குப் பின்னால் இரண்டு அறைகள். அதுதான் வீடு.

"என்னக்கா, இப்படி இளைச்சுட்ட?"

"இளைக்கல, புடவை பெருசு. தலையத் துவட்டு முதல்ல. சாப்பாடு ஆறுது."

"பந்தப் பாத்துட்டுச் சாப்பிடறேன்."

"பந்து எங்கயும் ஓடிப்போயிடாது. ஓடாததுதான் இங்க பிரச்சினையே. உக்காரு."

மாமா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஹாலுக்கு வருகிற எல்லாருக்கும் அவர் திருப்புளி அண்ணன். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். கல்யாணத்தன்றுகூட இருந்தது என்று அக்காள் சொல்வாள், அது கொஞ்சம் மிகையாக இருக்கலாம். எந்தப் பெட்டி எந்த நேரத்தில் எப்படி இருமும் என்பது அவருக்கு அத்துப்படி. பிறகு ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப்போனவரும் அதன் மேலேயே விழுந்தார். வலது பக்கம் போய்விட்டது. கால் ஒரு மாதிரி தேறி, இழுத்து இழுத்து நடந்தார். கை தேறவில்லை. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் கிட்டத்தட்ட தீர்ந்துபோன பற்பசையைப் பிதுக்குவதுபோலத்தான் பேசினார்.

சோறு, கீரை, அவித்த முட்டை. அவர் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். முட்டை கரண்டிக்கு அடங்காமல் தட்டைச் சுற்றி ஓடியது. அக்காள் கையை நீட்டினாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"பந்துக்கு என்ன ஆச்சு மாமா?"

"பந்துக்கு ஒண்ணும் ஆகல மாப்ள."

"அக்கா சொல்லுதே, வலது பக்கம் போகமாட்டேங்குதுன்னு."

"உங்க அக்கா நெறைய சொல்லுவா. பந்து நல்லாத்தான் இருக்கு. கைதான் இவ்வளவு போகுது."

"பாத்தியா? இதையேதான் படிக்கிறாரு," என்றாள் அக்காள். "ஏன்டா, படக அக்கரை வரைக்கும் உருட்டிக்கிட்டிருந்த கை திடீர்னு எப்படிடா பாதியில நிக்கும்? டாக்டர் என்ன சொன்னாரு? கையில பலம் மெதுவா ஏறும், ஏறினது இறங்காது, இறங்கினா உடனே கூட்டிட்டு வந்துடுங்க, மறுபடி உள்ள ஏதோ நடக்குதுன்னு அர்த்தம்னாரு. வாங்க போகலாம்னா வரமாட்டேங்கிறாரு. பந்துதான் கெட்டுப்போச்சு. நீ பாரு, நிச்சயமா பந்துதான்."

அவள் சொன்ன விதத்தைக் கேட்டுத் தம்பி முட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டான். பந்து கெட்டுப்போயிருந்தால் வீடு பிழைத்தது. பந்து நன்றாக இருந்தால் மாமாவுக்கு இரண்டாவது தடவை ஏதோ ஆகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது அவன் பேரிங்கைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தான். வேலை இவ்வளவு பெரியது என்று யாரும் சொல்லவில்லை.

மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

படகுப் பெட்டி ஜன்னலோரம் இருந்தது. அது ஒன்றுக்கு மட்டும் அக்காள் சத்தத்தை விட்டுவைத்திருந்தாள். திரையில் ஒரு ஆறு. இடது கரையில் ஒரு படகு. கீழே பலகையில் பதித்த பந்தை உள்ளங்கையால் உருட்டி, மிதந்து வரும் மரக்கட்டைகளுக்குத் தப்பி, படகை வலது கரைக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். உருட்டுவதை நிறுத்தினால் படகு கிளம்பிய கரைக்கே திரும்பிவிடும்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஆள் பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து தந்திருந்தார். மாமா அதை ஜன்னல் வழியாகச் செருப்புக்கடைக் கூரைமேல் எறிந்தார், இடது கையால்தான். அதன் பிறகுதான் அக்காளுக்கு இந்தப் பந்து ஞாபகம் வந்தது. கையைத் தூக்கி அதன் மேல் வைத்துவிட்டால் போதும், உருளுகிற பொருள், அதுவே கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். ஆரம்பத்தில் படகு கரையை விட்டு அசையவே இல்லை. மாமா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்துபோவார், மறுநாள் அவள் கெஞ்சி உட்காரவைப்பாள். அப்படியே கொஞ்ச காலம். பிறகு ஒரு நாள் படகு கிளம்பியது, கட்டைகளைத் தாண்டியது, வலது கரையில் போய் முட்டியது. அக்காள் கைதட்டிய சத்தம் கேட்டு, மேலே சண்டையோ என்று செருப்புக்கடைக்காரர் படியேறி வந்தார். அன்றைக்கு மாமா சிரித்தார். விழுந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அதிலிருந்து தினமும் மத்தியானம் அவர் உட்காருவதும், படகு போய்ச் சேருவதும், அவள் கைதட்டுவதும் நடந்தது. இப்போது சில நாட்களாகப் படகு பாதி ஆற்றில் நின்று, தயங்கி, பின்னால் போய்விடுகிறது.

தம்பி முதலில் தானே உருட்டிப் பார்த்தான். படகு தாராளமாக வலது கரைக்குப் போனது.

"போகுதேக்கா."

"உனக்குப் போகும். கடா மாதிரி கை வச்சிருக்க. அவரு மெதுவாத் தள்ளுவாரு. மெதுவாத் தள்ளினா வழுக்குது."

அதில் நியாயம் இருந்தது. உருளை தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால், அல்லது அழுக்கு ஏறியிருந்தால், அழுத்தி உருட்டுபவனுக்கு ஒன்றும் தெரியாது. லேசாகத் தொடுகிறவனுக்குத்தான் பந்து தனியாகச் சுற்றும், உருளை சும்மா நிற்கும். தம்பிக்கு உயிர் வந்தது.

"அப்படின்னா உன் பேச்சு சரியா இருக்கலாம். டார்ச்சப் புடி."

பந்தைச் சுற்றி இருந்த வளையத்தைக் கழற்றி, பந்தை வெளியே எடுத்தான். கையில் கனத்தது. அடியில் இரண்டு நீள உருளைகள், ஒன்று குறுக்குவாட்டுக்கு, ஒன்று மேலும் கீழுமாகப் போவதற்கு. மூன்றாவதாக, தாங்குவதற்கு ஒரு சின்னப் பேரிங். குறுக்குவாட்டு உருளையின் நடுவில் கறுப்பாக ஒரு பட்டை படிந்திருந்தது. ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளின் கையழுக்கும் பிஸ்கட் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து தார் போல இறுகியிருந்தது. உருளையின் ஓரத்தில் ஒரு நீளமான தலைமுடி வேறு சுற்றிக்கொண்டு கிடந்தது.

"இதோ! பாத்தியா?" என்றாள் அக்காள். "நான் சொன்னேன்ல? இந்த மனுஷன் கேட்டாரா? கைதான் கைதான்னு. அழுக்குடா, வெறும் அழுக்கு!"

ஒரு பழைய சட்டைத் துணியில் ஸ்பிரிட் நனைத்து அவன் தேய்த்தான். திருப்புளியால் சுரண்டினால் உருளையில் கீறல் விழும் என்பதால் ஐஸ் குச்சியைச் சீவிச் சுரண்டினான். அக்காள் பந்தைக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவித் துடைத்து எடுத்துவந்தாள். குழாயடியில் நின்று ஏதோ முணுமுணுத்துப் பாடியதுகூடக் கேட்டது. அவள் பாடிக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று தம்பி நினைத்துக்கொண்டான். பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். உருளையின் முனையில் இருக்கும் ஓட்டை போட்ட சின்னச் சக்கரத்தையும், அது சுற்றுவதை எண்ணும் சென்சாரையும் ஊதித் துடைத்தான். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. ஊமைப் பெட்டிகள் சுற்றிலும் மினுக்கிக்கொண்டிருந்தன.

"போர்டையும் ஒரு பார்வை பாத்துடறேன். பின்கதவத் திற."

அக்காள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் டார்ச் பிடித்த அழகைப் பார்க்கவேண்டும். அவன் இடது மூலையைக் காட்டச் சொன்னால் வலது மூலையைக் காட்டினாள். போர்டைக் காட்டச் சொன்னால் ஒயரைக் காட்டினாள்.

"இங்க அடிக்கா லைட்ட. எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கிற."

"போர்டுல ஒண்ணும் இருக்காதுடா. அங்க எதுக்கு நோண்டற?"

ஒயர்கள் இறுக்கமாகத்தான் இருந்தன. அவன் கதவைச் சாத்திவைத்துவிட்டு முன்னால் வந்து பந்தைப் பொருத்தினான். சோதனைத் திரையைப் போட்டு, ஒற்றை விரலால், தொட்டும் தொடாமலும் பந்தைத் தள்ளினான். எண்கள் வலதுக்கும் இடதுக்கும் ஒரே சீராக ஏறின, இறங்கின. அப்பழுக்கில்லாத வேலை.

"கூப்புடு மாமாவ."

மாமா வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கிப் பந்தின் மேல் வைத்தார். அக்காள் திரைக்குப் பக்கத்தில் நின்று, கைதட்டத் தயாராக இரண்டு கையையும் மார்புக்கு நேரே வைத்துக்கொண்டாள். படகு கிளம்பியது. முதல் கட்டையைத் தாண்டியது. பாதி ஆறு வந்தது. அங்கே நின்றது. மாமாவின் தோள் ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது. படகு கொஞ்சம் முன்னே போய்ப் பின்னே வந்தது. பிறகு தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போய்க் கிளம்பின கரையிலேயே விட்டது.

மாமா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காள் தம்பியைப் பெட்டியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "இன்னும் அழுக்கு இருக்குடா. சரியாத் துடைக்கல நீ."

"அக்கா."

"வேற பந்து வாங்கி வா."

"அக்கா, பந்துல ஒண்ணும் இல்ல. இனிமே எதையும் மாத்தறதுல அர்த்தமில்ல. மாமாவ நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாம். நானும் வரேன்."

அவள் சுவரில் சாய்ந்தாள். பிறகு, பக்கத்திலிருப்பவனுக்கே கேட்குமோ கேட்காதோ என்ற குரலில் சொன்னாள். "அந்தக் குட்டி சுவிட்சுங்க வரிசையா இருக்குல்ல போர்டுல. அதுல ஓரத்துல இருக்கிறது மேல இருக்கான்னு மட்டும் பாரு."

"அது என்ன சுவிட்சு?"

"கொஞ்சம் உருட்டினாலே படகு நெறைய போகும். சின்னப் பிள்ளைங்களுக்காக வச்சிருக்கிறது. அவரு மத்தியானம் தூங்கும்போது ஏத்தி வச்சேன். வேற என்னடா பண்றது? படகு கரைய விட்டே நகரல. இனிமே உக்கார மாட்டேன், என்னைத் தூக்கிப் போட்டுடுன்னாரு. எத்தனை வருஷம் அவருக்கு டார்ச் புடிச்சிருக்கேன், இதுகூடவா தெரியாது எனக்கு? ஏத்திவச்சேன். மறுநாளு படகு அக்கரைக்குப் போயிடுச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "யார்ட்டயும் சொல்லல. கைதட்டும்போதெல்லாம் திருட்டுத்தனமா இருக்கும். ஆனா கையில நெஜமாவே பலம் ஏறிடும், ஏறினதும் சத்தம் போடாம இறக்கி வச்சிடலாம்னு நெனச்சேன்."

தம்பி கதவைத் திறந்து, டார்ச்சைத் தானே வாங்கி அடித்துப் பார்த்தான்.

"கீழதான் இருக்கு."

"கீழயா? நல்லாப் பாரு. நான் மேலதான் வச்சேன். சாவிய நான் மட்டும்தான் எடுக்கிறேன். தானா எப்படி இறங்கும்?"

"தானா இறங்கல," என்றது பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து மாமாவின் குரல். "நான்தான் இறக்கினேன்."

ஊமைப் பெட்டிகளுக்கு நடுவே எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் கேட்கும் என்பதை அவள் மறந்துவிட்டிருந்தாள்.

"டீ வாங்கிட்டு வந்துடறேன்," என்று தம்பி நழுவினான். சில இடங்களில் நிற்பதற்கு எந்த உறவும் போதாது. அவன் கூஜாவை எடுத்துக்கொள்ளாமலேயே படியிறங்கிவிட்டான்.

அக்காள் பெட்டியைச் சுற்றி முன்னால் வந்தாள். "நீங்களா? எப்போ?"

"நீ காய் வாங்கப் போயிருந்தப்ப. இடது கையால. திருப்புளி கீழ விழுந்துக்கிட்டே இருந்துச்சு, பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா?" அவர் சிரித்த மாதிரி இருந்தது. "பந்து கால் சுத்துகூடச் சுத்தல, படகு அக்கரையில நிக்குது. இந்தப் பெட்டிய எத்தனை தடவை கழட்டி மாட்டியிருக்கேன்? வேற எவனையாவது ஏமாத்தலாம். முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா அன்னிக்குச் சிரிச்சீங்க?"

"நீ கைதட்டின. நான் விழுந்ததுலேர்ந்து உன் முகத்த அப்படிப் பாக்கல. போகட்டும்னு சிரிச்சேன்."

அவள் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் தான் மட்டும் சுமந்துகொண்டிருந்ததாக நினைத்த பாரத்தின் மறுமுனையை இந்த ஆள் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல்.

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நீயும் சொல்லியிருக்கலாம்."

மழை ஜன்னல் தகரத்தில் விழுந்தது. அவர் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டே பேசினார். இவ்வளவு நீளமாக அவர் பேசி வெகு காலமாகிவிட்டது.

"முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரே இதுவா இருக்கும். தினம் உக்காரறேன், படகு போகுது, நீ தட்டற. நீ எனக்குத் தட்டல, அந்தச் சுவிட்சுக்குத் தட்டற. நான் சும்மா பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்கிறவன் மாதிரி. என் கை என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியல. அதான் இறக்கினேன். இறக்கிட்டு உக்காந்தேன். பாதி ஆத்துக்கு வந்தேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"ஆரம்பத்துல கரையையே விடல, ஞாபகம் இருக்கா? இப்ப பாதி ஆறு. சுவிட்சு இல்லாம, கள்ளத்தனம் இல்லாம, என் கையால. திரும்பி உன்னப் பாத்தேன். உன் மூஞ்சி செத்துப்போச்சு." அவர் ஜன்னலைப் பார்த்தார். "அன்னிக்குச் சாயங்காலமே பந்து கெட்டுப்போச்சுன்ன. இப்ப ரிப்பேருக்கு ஆளும் வரச் சொல்லிட்ட."

அவர் ஜெயித்ததற்கு அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறாள். பந்தைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள். அவர் பாதி ஆற்றுக்குத் தனியாக வந்து, அங்கேயிருந்து திரும்பிப் பார்த்து, யாருமில்லாமல் தனியாகவே திரும்பிப் போயிருக்கிறார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கைகள் தாமாக ஒன்றையொன்று நோக்கி எழுந்தன.

"வேணாம்," என்றார் அவர். "இப்பத் தட்டாத."

கைகள் மடியில் இறங்கின.

தம்பி டீயோடு வந்தபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் டீ குடித்தார்கள். பிறகு அவன் சாவியை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போய், "பூட்டப் போறேன். சுவிட்சு எப்படி இருக்கட்டும்?" என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டான்.

அக்காள் புருஷனைப் பார்த்தாள். அவர் டீ தம்ளரைப் பார்த்தார்.

"இருக்கிற மாதிரியே இருக்கட்டும்," என்றாள் அவள்.

அவன் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினான். மழை சுத்தமாக விட்டுவிட்டது. போகும்போது படியில் நின்று, "ஆஸ்பத்திரிக்கு?" என்று மெல்லக் கேட்டான். "அதெல்லாம் வேணாம்டா, வழக்கமாப் போற நாள்ல போவோம்," என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் பையின் ஜிப்பை இழுத்துவிட்டாள்.

தம்பி போன பிறகு ஹால் மறுபடியும் பெரிதாகிவிட்டது. அவள் தம்ளர்களைக் கழுவினாள். திரைகளைத் துடைத்தாள். துடைக்க வேண்டிய எல்லாவற்றையும் துடைத்து முடித்தும் அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. போய் ஏதாவது பேசலாம் என்று இரண்டு முறை கிட்டத்தில் வந்து, பேச்சு கிடைக்காமல் திரும்பிப் போனாள். சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு நடுவில் இப்படி ஒரு தூரம் எங்கிருந்து வந்து படுத்துக்கொள்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

பிறகு படகின் பாட்டுக் கேட்டது. அவர் ஆரம்பித்துவிட்டார்.

அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டே போய்ப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் நிற்பது திரைக்கு அருகில். ஸ்டூலில் உட்கார்ந்தால் திரை கண்ணுக்கு மேலே போய்விடும், பந்துதான் எதிரே இருக்கும். பந்தின் மேல் அவர் கை இருந்தது. சுண்டுவிரல் மடங்கி விறைத்திருந்தது. கட்டைவிரல் அடிச்சதை பந்தில் உரசி உரசிச் சிவந்து, ஓரத்தில் தோல் காய்த்துப்போயிருந்தது. இது எப்போது காய்த்தது? தினமும் சோறு போடுகிறாள், சட்டை மாட்டிவிடுகிறாள், இதைப் பார்த்ததே இல்லை. மணிக்கட்டில் ஒரு நரம்பு எழுந்தது. கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நடுங்கியது, பந்தைக் கொஞ்சம் தள்ளியது. நின்றது. மறுபடி நரம்பு எழுந்தது. ஒவ்வொரு தள்ளுக்கும் அவர் மூச்சைப் பிடித்து விடுவது அவளுக்குக் கேட்டது. அவளும் பிடித்து விட்டாள்.

படகு கரைக்குத் திரும்பிவிட்ட பாட்டு ஒலித்தது.

"எங்க வரைக்கும் போச்சு, பாத்தியா?" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பாக்கல," என்றாள். "உங்க கையப் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு இடது கையால் தூக்கி வைக்காமல், வலது கையைத் தானாகவே பந்தின் மேல் இழுத்து இழுத்துக் கொண்டுவந்து வைக்க முயன்றார். அதற்கு வெகு நேரம் பிடித்தது. அவள் கையை நீட்டவில்லை, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.